மஞ்சள் இறகு அம்பும் மூன்று தூணிகளும்

"டப்" என்று கராஜிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே இன்னொரு சத்தமும் வந்தது. "ட்ர்ர்ர்ர்..."

சமையலறையில், கொதிக்கிற பானைக்குள் பீச் பழ ஜாடிகளை இறக்கிக்கொண்டிருந்த வெர்லா அப்படியே நின்றுவிட்டாள். கையில் இருந்த இடுக்கியும் அந்தரத்தில் நின்றது.

"கேட்டுச்சா?" என்று கராஜிலிருந்து அவள் கணவன் டெல் கத்தினான்.

"நல்லாவே கேட்டுச்சு. இன்னொரு தடவை விடு!"

"இன்னொண்ணா? உன் வில்லு எனக்குக் குட்டைடி. இழுத்தா கோழி றெக்கையை மடக்கின மாதிரி நிக்கறேன். எவனாவது பார்த்தா நான் ஊரை விட்டே ஓடணும்."

"எவனும் பார்க்கல. விடு."

"டப். ட்ர்ர்ர்ர்..."

வெர்லா கண்ணை மூடிக்கொண்டாள். வில்லை விடுகிறவன் காதுக்கு நாண் அடிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்கும். அதற்குப் பின்னால் முனகுகிற சத்தம், எதிரில் நிற்கிற மானுக்குத்தான் கேட்கும். அதனால்தான் கணவனைக் கராஜில் நிறுத்திவிட்டு, அவள் எல்க் மானாகச் சமையலறையில் நின்றாள். வேட்டைக்கே போகாதவன் டெல். மீன் பிடிப்பதைத் தவிர வேறெதற்கும் அவன் முழங்கால் ஒத்துழைக்காது. ஆனால் மனைவி சொல்லைத் தட்டவும் மாட்டான்.

அடுத்த வாரம் செப்டம்பர் பிறக்கிறது. சாலிஸ் ஊரைச் சுற்றிய மலைகளில் வில் வேட்டைக் காலம் தொடங்கிவிடும். அதற்குள் இந்த முனகல் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் வெர்லாவுக்கு மலையும் இல்லை, மலையைவிடப் பெரிய இன்னொன்றும் இல்லை.

அந்த இன்னொன்றின் பெயர் ஆர்டா. டெல்லின் அக்கா. வெர்லாவின் நாத்தனார்.

வெர்லாவைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் காதைத்தான் சொல்வார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஆற்றோரச் சாலையில் முப்பது பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும்போது, எந்த இருக்கையின் ஆணி தளர்ந்திருக்கிறது என்று ஸ்டியரிங்கில் இருந்தபடியே சொல்லிவிடுவாள். ஒரு குளிர்காலம் முழுவதும் கூரைக்குள் எங்கேயோ 'கடக், கடக்' என்று ஒரு சத்தம் அவளைப் படுத்தியது. மெக்கானிக் கைவிட்டான். பள்ளிக்காரர்கள், "ஓடுதில்ல, விடும்மா" என்றார்கள். அவள் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூரைத் தகட்டையே கழற்றினாள். உள்ளே ஒரு கோலிக்குண்டு உருண்டுகொண்டிருந்தது. அது எப்படி அங்கே ஏறியது என்று இன்று வரை யோசித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் வெர்லாவுக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்டவளின் வில்லே முனகினால்?

கல்யாணமான புதிதில், புகுந்த வீட்டில் யாரோடும் ஒட்டாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வெர்லாவை, "வாடி, மலைக்குப் போகலாம்" என்று இழுத்துக்கொண்டு போனவள் ஆர்டாதான். அன்றிலிருந்து செப்டம்பர் என்றால் இருவரும் ஒன்றாகத்தான். இரண்டு பேரும் சேர்ந்து வெட்டி, முதுகில் கட்டிச் சுமந்தால்தான் ஒரு எல்க்கைப் பள்ளத்தாக்கிலிருந்து கொண்டுவர முடியும். தனியாளுக்கு அந்த மலை வழி விடாது.

முதல் வருஷமே அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாயிற்று. மலையடிவாரத்தில் ஆளுக்கொரு அம்பை மாற்றிக்கொள்வார்கள். வெர்லாவின் அம்பு ஒன்று ஆர்டாவின் தூணியில், அதாவது வில்லோடு மாட்டிய அம்புக்கூட்டில்; ஆர்டாவின் அம்பு ஒன்று வெர்லாவின் தூணியில், ரப்பர் பிடியின் கடைசிப் பள்ளத்தில். அதை எய்ய முடியாது. ஒருத்தியின் வில்லுக்கு இன்னொருத்தியின் அம்பு நீளமும் பொருந்தாது, விறைப்பும் பொருந்தாது. "எய்ய முடியாத அம்பை எதுக்குச் சுமக்கறீங்க?" என்று டெல் வருஷா வருஷம் சிரிப்பான். சுமப்பது எய்வதற்காக அல்ல. வேட்டை முடிந்து இறங்கியதும், அம்புக்கு உரியவள் தன் கையாலேயே அதை உருவிக்கொள்ள வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. இரண்டு பேரும் சேர்ந்து போனோம், சேர்ந்தே இறங்கினோம் என்பதற்கு அதுதான் சாட்சி.

போன வருஷம் அந்தச் சாட்சி தவறிப்போனது.

எல்க்கை எய்யும் முறை அன்று ஆர்டாவுடையது. ஆனாலும், "நீ போடி, உனக்கு இன்னும் பெரிசா ஒண்ணும் விழல" என்று அவள் விட்டுக்கொடுத்தாள். தானே மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, குழலை வாயில் வைத்து எல்க் போலவே கூவிக் கூவி, ஒரு பெரிய எல்க் காளையை எதிர்ச் சரிவிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தாள். அது கொம்பைத் தூக்கிக்கொண்டு முப்பது கஜத்தில் வந்து நின்றது. வெர்லா நாணை விட்டாள். 'ட்ர்ர்ர்' என்று வில் முனகியது. காளை உடம்பைத் தாழ்த்தியது, அம்பு முதுகுக்கு மேலே பறந்தது. அடுத்த கணம் அங்கே தூசி மட்டும்தான் இருந்தது.

"உன் தூணியைத் தூக்கிப் போடு! கிலுகிலுப்பையை வில்லுல கட்டிக்கிட்டு வந்திருக்கே!" என்று ஆர்டா கத்தினாள்.

வெர்லாவும் சும்மா இருக்கவில்லை. "நீ கூவினது ஆடு வாந்தியெடுக்கற மாதிரி இருந்துச்சு. அதைக் கேட்டுத்தான் அது ஓடிப்போச்சு!"

வார்த்தை தடித்தது. "உன் வில்லு வாயை மூடற வரைக்கும் என்கூட மலையேறாதே" என்றாள் ஆர்டா. இருவரும் ஒரு பேச்சும் பேசாமல் இறங்கினார்கள். அடிவாரத்தில் யாரும் யாருடைய அம்பையும் உருவவில்லை. ஒரே தெருவில் எதிரெதிர் வீடு. ஆனாலும் கிறிஸ்துமஸ் வந்தது, பனி உருகியது, லைலாக் பூத்து உதிர்ந்தது, இருவரும் பேசவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது போல, டெல் இந்தப் பக்கம் ஒரு வசவும் அந்தப் பக்கம் ஒரு வசவும் வாங்கிக்கொண்டு நடுவில் வாழ்ந்தான்.

வெர்லா அழுதாளா என்றால், அழுதாள். ஆனால் அழுகைக்கு நடுவிலேயே அவள் மனம் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது?

கராஜ் மேஜையில் இப்போது மூன்று தூணிகள். முதலாவது, ஒரு தட்டுத் தட்டினால் வில்லிலிருந்து கழன்று வருகிற அவளுடைய பழைய தூணி. இரண்டாவது புதியது, இப்போது வில்லில் இருப்பது. கழற்ற முடியாது, வில்லோடு திருகி வைத்தது. பறவைக் குஞ்சு போல எடையே தெரியாது. வில்லின் இடுப்பை ஒட்டிக்கொண்டு நிற்கும், புதரில் மாட்டாது. அதைப் பார்த்த அன்றே வெர்லா மனதைப் பறிகொடுத்துவிட்டாள். மூன்றாவது தடியன். அம்பு முனைகளின் கத்தி வெளியே தெரியாதபடி மூடுகிற பெரிய தொப்பி, இரண்டு இடத்தில் ரப்பர் பிடி. ஆனால் வில்லில் மாட்டினால் மணிக்கட்டை ஒரு பக்கமாகச் சாய்க்கிற கனம். அதன் ரப்பரில் ஒரு விசித்திரமும் இருந்தது. முதல் இரண்டு பள்ளங்கள் மட்டும் மற்றவற்றைவிடக் குறுகல். எதற்கென்று வெர்லாவுக்குத் தெரியவில்லை. கூட வந்த விளக்கத் தாளைப் படிக்கலாம் என்றால், அதை வைத்து டெல் இறைச்சி அடுப்பைப் பற்றவைத்திருந்தான்.

மூன்றும் முனகின. அதுதான் வெர்லாவின் தூக்கத்தைக் கெடுத்தது. ஒன்று முனகினால் அதைத் தூக்கி எறியலாம். மூன்றும் ஒரே குரலில் முனகினால்?

"பேசாம எய்யறதுக்கு முன்னாடி தூணியைக் கழட்டி மரத்துல மாட்டிடேன். எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க?" என்றான் டெல், கராஜ் வாசலில் வந்து தோளைத் தேய்த்துக்கொண்டே.

"எல்லாரும் மாட்டுவாங்க. திரும்பி வந்து எந்த மரம்னு தேடுவாங்க. அடிபட்ட எல்க் பின்னாடி ஓடறவனுக்கு மரம் ஞாபகம் இருக்குமா? அந்த மலையில தொங்கற தூணியை எல்லாம் இறக்கினா ஒரு கடையே வைக்கலாம். என் அம்பு என் வில்லுல இருக்கணும்."

"சரி, தாயே. இப்ப என்ன பண்ணணும்?"

"அம்பை ஒவ்வொண்ணா எடுத்துட்டு விடு. எது கத்துதுன்னு பார்ப்போம்."

டெல் ஒரு அம்பை உருவினான். டப், ட்ர்ர்ர். இன்னொன்றை உருவினான். டப், ட்ர்ர்ர். நான்கையும் உருவி முடித்தான். முனகல் நிற்கவில்லை. தூணியின் கடைசிப் பள்ளத்தில் மஞ்சள் இறகு வைத்த ஒரே ஒரு அம்பு மட்டும் மிச்சம் இருந்தது. ஒவ்வொரு முறை தூணி மாற்றும்போதும், ஜாடி இறக்கும் இடுக்கியால் அதைப் பழைய தூணியிலிருந்து புதியதற்கு மாற்றியிருந்தாள் வெர்லா. கையால் தொடவில்லை.

"இதையும் எடுத்துப் பார்க்கட்டுமா?" என்று டெல் கையை நீட்டினான்.

"தொடாதே!"

அவள் கத்திய கத்தலில் டெல் பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டான்.

அப்போதுதான் சமையலறைக் கதவை யாரோ தட்டினார்கள். தட்டிவிட்டுக் காத்திருக்காமல் திறந்துகொண்டு உள்ளே வந்தாள் ஆர்டா. தட்டுவதற்கும் திறப்பதற்கும் நடுவே காத்திருக்கிற பழக்கம் அவளுக்கு எந்நாளும் இருந்ததில்லை. பதினோரு மாதக் கோபமும் அதை மாற்றவில்லை.

வெர்லா பானைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"டேய் டெல்! முதுகுல மாட்டிக் கறி சுமக்கற என் சட்டம் உன் கராஜுலதானே தொங்குது? எடுத்துக்கிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள் ஆர்டா, வெர்லாவைப் பார்க்காமல்.

அந்தச் சட்டத்தை அவள் எடுத்துப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இந்த வருஷம் வேறு யாரோடோ மலையேறப் போகிறாள்.

"யார் கூடப் போறே, அக்கா?" என்று டெல் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"எல்வுட் கூப்பிட்டான்."

"எல்வுட்டா?" வெர்லாவால் வாயைக் கட்டிப்போட முடியவில்லை. "நாள் பூரா சூரியகாந்தி விதை கொறிக்கறவனா? அவன் தாடை அடிக்கற சத்தத்துல பக்கத்து மாநிலத்து எல்க்கும் எழுந்து ஓடுமே!"

"தாடைதானே அடிக்குது. வில்லு அடிக்கலையே."

பட்டென்று வந்த பதில் வெர்லாவின் முகத்தில் அறைந்தது. டெல் கூரையைப் பார்த்தான். ஆணியில் தொங்கிய சட்டத்தை எடுக்க ஆர்டா கராஜுக்குள் போனாள். போனவளின் கண் மேஜையில் விழுந்தது. கால் நின்றது.

"இதென்ன, மூணு தூணி?"

"உனக்கென்ன?"

"சும்மா கேட்டேன்." அதோடு நிறுத்த அவளால் முடியவில்லை. "மூணுமா கத்துது?"

"மூணும்தான்."

"மூணும் கத்தினா தப்பு தூணி மேல இல்லடி." ஆர்டா சட்டத்தைக் கீழே வைத்தாள். "தூணியை வெறுமையா வெச்சு விட்டுப் பார்த்தியா?"

"வெறுமையா விட்டா சத்தமே இல்ல."

"அப்ப அம்புதான். ஒவ்வொண்ணா எடுத்தியா?"

"நாலையும் எடுத்தாச்சு."

"அஞ்சாவது?"

வெர்லா கராஜ் வாசலுக்கு வந்து நின்றாள். ஆர்டா வில்லைக் கையில் எடுத்துத் திருப்பினாள். மஞ்சள் இறகு வெளிச்சத்துக்கு வந்தது. அந்த இறகை ஒட்டியவள் அவளேதான். அவளுக்குத் தெரியாதா?

"இன்னுமா இதை வெச்சிருக்கே?" என்றாள் ஆர்டா.

"எடுக்க வேண்டியவ எடுக்கல. நான் எப்படி எடுப்பேன்?" வெர்லாவின் கண் நிறைந்துவிட்டது. "வழக்கம்னா வழக்கம்தான். நீ பேசலைன்னா வழக்கம் போயிடுமா?"

பானையில் தண்ணீர் பொங்கி அடுப்பில் சிந்தும் சத்தம் கேட்டது.

ஆர்டா தன் கையாலேயே அந்த அம்பைப் பிடித்தாள். உருவ வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஈர மண்ணில் நட்ட குச்சி போல அது தானாக வந்தது. அவள் முகம் மாறியது. டெல் உருவி வைத்த வெர்லாவின் அம்புகளில் ஒன்றை எடுத்துத் தன்னுடையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வெர்லாவினது சுண்டுவிரல், தன்னுடையது பென்சில்.

"டெல், அந்த நாலையும் திரும்பச் செருகிட்டு இப்ப விடு" என்றாள் மெதுவாக.

"டப்."

அவ்வளவுதான். அதற்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை. பதினோரு மாதமாகத் தேடிய அமைதி, அந்தக் கராஜுக்குள் வந்து நின்றது. அது இத்தனை கனமாக இருக்கும் என்று வெர்லா நினைக்கவே இல்லை.

"போன வருஷம்தான் மெல்லிசு அம்புக்கு மாறினேன்" என்றாள் ஆர்டா, தரையைப் பார்த்து. "காத்துல நல்லாப் போகும்னு. உன்கிட்ட சொல்லக்கூட இல்ல. உன் ரப்பருக்கு அது பத்தாது. உள்ள நின்னு ஆடியிருக்கு. கத்தினது உன் தூணி இல்லடி. என் அம்பு."

நாவின் நுனி வரை வந்த நூறு வார்த்தைகளை வெர்லா விழுங்கினாள். ஆர்டா மன்னிப்புக் கேட்டு யாரும் பார்த்ததில்லை, இனியும் பார்க்கப்போவதில்லை. இவ்வளவு சொன்னதே பெரிது.

"ஆடு வாந்தின்னு சொன்னேன் பாரு, அது கொஞ்சம் அதிகம்" என்றாள் வெர்லா.

"கொஞ்சமா?"

"ஆட்டுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லன்னு வெச்சுக்கோ."

டெல் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். ஆர்டாவின் உதடும் லேசாக வளைந்தது. ஆனால் அவள் கையில் அம்பு இருந்தது. உரியவள் உருவிவிட்டாள். அவர்கள் வழக்கப்படி, அதோடு அந்தப் பயணம் முடிந்தது. ஆர்டா மறு கையால் சட்டத்தை எடுத்துக்கொண்டாள்.

"உன் வில்லு வாயை மூடிடுச்சு. லேசான தூணியையே வெச்சுக்கோ. அழகா இருக்கு" என்று சமையலறைப் பக்கம் நடந்தாள். "நான் ஒரு டஜன் மெல்லிசா வாங்கிட்டேன். மாத்த முடியாது. உன் ரப்பரும் மாறாது. என் அம்புக்கு உன் வில்லுல இடம் இல்லடி."

வில் அமைதியானதும் எல்லாம் சரியாகிவிடும் என்றுதானே இத்தனை நாளும் வெர்லா நினைத்தாள்? இப்போது அமைதியும் வந்தது, அதோடு ஆர்டாவும் போகிறாள்!

அப்போதுதான், கூரைக்குள் கோலிக்குண்டைக் கண்ட அன்று போல, அவள் மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. குறுகலான இரண்டு பள்ளங்கள்!

"இரு! ஆர்டா, இரு!"

மேஜையில் கிடந்த தடியன் தூணியை இழுத்தாள். லேசானதை அவிழ்க்கும்போது திருகாணி கை நழுவி உருண்டது. டெல் முழங்காலை மறந்து தவழ்ந்து போய்ப் பிடித்தான். தடியனை வில்லில் திருகி, தன் நான்கு அம்புகளையும் அகலமான பள்ளங்களில் அழுத்தினாள். பிறகு வில்லை நாத்தனாரின் பக்கம் நீட்டினாள்.

"உன் கையால வை. அந்தக் குறுகல்ல."

ஆர்டா சட்டத்தைச் சுவரில் சாய்த்தாள். அம்பைக் குறுகலான பள்ளத்தில் வைத்து அழுத்தினாள். 'க்ளக்' என்று ரப்பர் அதைக் கவ்வியது. இரண்டாவது பிடியும் கவ்வியது. ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"அட, மெல்லிசுக்குன்னே வெச்சிருக்கான்" என்று டெல் வாய்பிளந்தான். "அந்தத் தாள்ல இதுதான் போட்டிருந்துதோ என்னவோ!"

"நீ பேசாதே. விடு."

டெல் மறுபடியும் வில்லை வாங்கினான். அவன் கோழி றெக்கையை மடக்கி, நாணை இழுத்து, விட்டான்.

"டப்."

பின்னால் ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை.

"இது வேணாம்டி, கனம்" என்றாள் ஆர்டா. சொன்னாளே தவிர, கை அம்பைத் திரும்ப எடுக்கவில்லை. "ஒரு பக்கமா இழுக்கும். மேல போகப் போகக் கை விட்டுப்போகும். அந்த லேசானதைப் பார்த்து நீ எப்படி வழிஞ்சேன்னு மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது."

"கை வலிச்சா வலிக்கட்டும்."

"பாதி மலையில மூச்சு வாங்கறப்ப என்னைத் திட்டக் கூடாது."

"திட்டுவேன்."

"சரி, திட்டு." ஆர்டா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். சுவரில் சாய்த்திருந்த சட்டத்தை எடுத்து, பழைய ஆணியிலேயே திரும்ப மாட்டினாள். "இது இங்கயே கிடக்கட்டும். எப்படியும் உன் வண்டியிலதானே ஏத்தணும்."

வெர்லா முகத்தை மறைக்க அடுப்புப் பக்கம் போனாள். பொங்கிய தண்ணீரைத் துடைத்தாள், சூடான ஜாடி ஒன்றைத் துணியில் சுற்றி நாத்தனாரின் கையில் திணித்தாள்.

"எல்வுட்டுக்கு என்ன சொல்வே?"

"விதை கொறிச்சு முடிச்சுட்டு வாடான்னு சொல்லிடறேன். கிறிஸ்துமஸ் வந்துடும்."

"என் அம்பு? அதை என்ன பண்ணினே?"

"அதுவா?" கதவருகே போன ஆர்டா திரும்பாமலே சொன்னாள். "தக்காளிச் செடிக்கு முட்டுக் குடுத்திருக்கேன். நல்லாத்தான் நிக்குது."

"பொய்!" என்று கராஜிலிருந்து டெல்லின் குரல் வந்தது. "போன வாரம் அவ வீட்டுக் குழாயைச் சரிபண்ணப் போனப்ப நான் பார்த்தேன், வெர்லா. அவ தூணியிலதான் இருக்கு. தடியா இருக்கறதால ரப்பரே கிழிஞ்சுபோச்சு. ஆனா எடுக்கல!"

வெர்லா சட்டென்று திரும்பினாள். "இதை இத்தனை நாளா சொல்லாம எங்கடா வெச்சிருந்தே?"

"மத்தளம் தானாப் பேசுமா? அடிச்சாத்தானே!"

ஆர்டாவின் காது மடல் சிவந்துபோயிருந்தது. பீச் ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு, "வாயை மூடுடா டேய்!" என்று கராஜைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டாள். பிறகு வெர்லாவை ஒரே ஒரு தரம் நேராகப் பார்த்துவிட்டு வெளியே இறங்கி, தனக்குப் பின்னால் கதவைப் படாரென்று சாத்தினாள்.